ஒரு பல்சக்கரம் போதும்

நம் பங்குக் குடும்பங்களின் இல்லங்களுக்குச் சென்று வருவோர்க்கு இக்காட்சி புதிதன்று. மாடிப்படியின் கீழோ, கொல்லைப்புறச் சுவரோரத்திலோ, பருத்த டயரும் அகன்ற கைப்பிடியும் கொண்ட கியர் சைக்கிள் ஒன்று காற்றிழந்து, துருவேறி, உடைந்த நாற்காலிக்கும் ஓட்டை வாளிக்கும் துணையாகச் சாய்ந்து நிற்கும். பிள்ளை எட்டாம் வகுப்பில் தேறியபோது பெற்றோர் ஆசையோடு வாங்கிக் கொடுத்த வண்டி அது. இரண்டு மூன்று ஆண்டுகள் ஓடியிருக்கும். பிறகு கியர் விழவில்லை. செயின் அடிக்கடி கழன்றது. கடையில் காட்டியபோது, இதற்குச் சாமான் கிடைக்காது என்று கைவிரித்துவிட்டார்கள். பிள்ளையும் வளர்ந்து மோட்டார் வண்டிக்கு மாறிவிட்டான். இனி அந்த மிதிவண்டிக்கு உரிய இடம் பழைய இரும்புக் கடைதான் என்று குடும்பத்தார் முடிவு கட்டிவிடுகின்றனர்.

இம்முடிவு அவசரமானது என்பதே நாம் சொல்ல விழைவது. அவ்வண்டியில் பழுதுபட்டது பெரும்பாலும் கியர் அமைப்பு ஒன்றே. சட்டம் உறுதியாக இருக்கின்றது, சக்கரங்கள் இருக்கின்றன, கைப்பிடியும் பிரேக்கும் இருக்கின்றன. மலையேறுவதற்கென்று சேர்க்கப்பட்ட பல சக்கரங்களை நீக்கிவிட்டு, முன்னே ஒரு பல்சக்கரம், பின்னே ஒரு பல்சக்கரம் என்று அமைத்துவிட்டால், அதே வண்டி சமவெளி நகரத்தில் இன்னும் பல்லாண்டு உழைக்கும். புதிதாய் ஒன்றைச் சேர்ப்பதால் அன்று, வேண்டாததை எடுத்துவிடுவதால் பயன் பெறும் பொருள்கள் உலகில் உண்டு. அவற்றுள் இதுவும் ஒன்று.

மலைவண்டி பிறந்த கதை

மலைவண்டி எனப்படும் இவ்வகை மிதிவண்டியின் வரலாறே நமக்கு ஒரு பாடம். அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே மரின் என்னும் மாவட்டம் உள்ளது. அங்கே தமல்பாயிஸ் என்றொரு மலை. 1970ஆம் ஆண்டுகளில் அப்பகுதி இளைஞர் சிலர், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்ட பருத்த டயர்ச் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தனர். ‘ஷ்வின்’ நிறுவனம் போன்றவை செய்த அவ்வண்டிகள், முற்காலத்தில் சிறுவர் செய்தித்தாள் போடுவதற்கு ஓட்டியவை. பின்னர் எவரும் விரும்பாமல் அற்ப விலைக்குக் கிடைத்தவை. அவற்றுக்கு இருந்தது ஒரே ஒரு கியர். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக்.

அவ்வண்டிகளை மலைமேல் கொண்டுசென்று, காட்டுத்தீயை அணைக்கச் செல்வோர்க்கென வெட்டப்பட்ட மண்பாதையில் விரைந்து இறங்குவது அவர்களது விளையாட்டு. 1976 அக்டோபர் 21ஆம் நாள் முறையான பந்தயமே நடத்தினர். ஒருமுறை இறங்கி வருவதற்குள் பின் சக்கரத்து ஹப்பில் இருந்த கிரீஸ் சூட்டினால் புகைந்து போய்விடும். மீண்டும் கிரீஸ் அடைத்தாலன்றி வண்டி ஓடாது. ஆகவேதான் அப்பந்தயத்திற்கு ‘மறுபடி அடைத்தல்’ என்னும் பொருள்பட ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் இவ்விளையாட்டுக்கென்றே தனிச் சட்டங்களை வடித்தார். 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் இவற்றை விற்கத் தொடங்கினர். 1981இல் ‘ஸ்பெஷலைஸ்டு’ நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்பர்’ என்ற வண்டியைப் பெருமளவில் சந்தைக்குக் கொணர்ந்தது. பின்னர் அது உலகெங்கும் பரவிற்று; நம் நாட்டுத் தொழிற்சாலைகளும் அதே தோற்றத்தில் வண்டிகளைச் செய்து குவித்தன.

வாசகர்கள் கவனிக்க வேண்டியது இதுதான். மலைவண்டியின் மூதாதை, எவரும் வேண்டாமென்று ஒதுக்கிய ஒற்றைக் கியர் நகரவண்டி. நீண்ட காலம் மலைவண்டிகளுக்கு வழக்கமாயிருந்த 26 அங்குலச் சக்கரமும் அப்பழைய வண்டிகள் விட்டுச் சென்ற சொத்தே. ஆகவே பழைய மலைவண்டியை ஒற்றைக் கியர் வண்டியாக மாற்றுவது அதற்கு இழைக்கும் அநீதி அன்று. பாட்டனின் தொழிலைப் பேரன் ஏற்பது போன்றதே.

கியர் வேண்டாத பொருளா?

அப்படியானால் கியர் என்பது வீண் ஆடம்பரமா என்று சிலர் கேட்கலாம். அன்று. மலையேறுவோர்க்கு அது இன்றியமையாத் துணை. பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற ‘தூர் தெ பிரான்ஸ்’ பந்தயத்தில், செயினை இடம் மாற்றும் கருவிக்கு 1937ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டி, மறுபுறத்துப் பல்சக்கரத்தைக் கொண்டு மலையேறினர். 1938இலும், பின்னர் 1948இலும் அப்பந்தயத்தை வென்றவர் இத்தாலியரான ஜீனோ பர்த்தாலி. ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். இரண்டாம் உலகப் போரின்போது யூத மக்களைக் காக்கத் துணைநின்றதற்காக, எருசலேமில் உள்ள யாத் வாசெம் நிறுவனம் 2013இல் அவரைச் சிறப்பித்தது. இத்தாலியில் கோமோ ஏரிக்கு அருகே, செங்குத்தான மலைப்பாதையின் உச்சியில் கிசால்லோ அன்னையின் சிற்றாலயம் இருக்கின்றது. 1949இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அந்த அன்னையை மிதிவண்டி ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார். பர்த்தாலி போன்ற வீரர்கள் ஓட்டிய வண்டிகள் இன்றும் அவ்வாலயச் சுவரில் தொங்குகின்றன.

அம்மலைப்பாதையில் ஏறுவோர்க்குக் கியர் வேண்டும். உதகையிலும் கொடைக்கானலிலும் வாழ்வோர்க்கும் வேண்டும். ஆனால் தூத்துக்குடி, நாகப்பட்டினம், தஞ்சாவூர் போன்ற சமதளத்து ஊர்களில் மேம்பாலத்தைத் தவிர ஏறுவதற்கு என்ன இருக்கின்றது? முன்னே மூன்று, பின்னே ஏழு என்று 21 கியர் இருந்தாலும், அவற்றுள் பல ஒன்றுக்கொன்று ஏறத்தாழச் சமமானவை. ஓட்டுபவர் அன்றாடம் பயன்படுத்துவது இரண்டோ மூன்றோதான். மீதியெல்லாம் சுமையும் பராமரிப்பும் ஆகும்.

கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்புக் காற்று கியர்க் கம்பியையும் சிறு வில்லையும் முதலில் தின்னும். உறைக்குள் கம்பி துருப்பிடித்து இறுகிவிட்டால் கியர் விழாது. வில் தளர்ந்துவிட்டால் செயின் ஆடும். மலிவு விலை வண்டிகளில் இப்பாகங்கள் மெல்லிய தகட்டால் ஆனவை. வண்டி ஒருமுறை வலப்புறம் சாய்ந்து விழுந்தாலே வளைந்துவிடும்.

பாதி வழியில் நின்றால்

இது வெறும் இயந்திர விஷயம் அன்று என்பதை நமக்கு உணர்த்தியவர், நம் அன்பியத்தைச் சேர்ந்த ஓர் இரவுக் காவலர். வீட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் தொலைவில், உப்புக் கிடங்கு ஒன்றில் அவருக்கு வேலை. மாலையில் ஷேர் ஆட்டோ. விடியற்காலையில் பல நாள் நடை. மாதக் கூலியில் ஒரு பகுதி போக்குவரத்திலேயே கரைந்து கொண்டிருந்தது. அன்பியக் கூட்டத்தில் இது பேச்சுக்கு வந்தபோது, ஒரு குடும்பத்தார் தம் வீட்டில் சும்மா நிற்கும் கியர் சைக்கிளைக் கொடுத்துவிட முன்வந்தனர். எல்லாரும் மகிழ்ந்தோம். அவர் மட்டும் தயங்கினார்.

“குடுக்கதுக்கு ரொம்ப சந்தோசம் அண்ணாச்சி. ஆனா பாதி வழியில நின்னுச்சுன்னா என் பொழப்பும் அங்கனயே நின்னுரும்லா” என்றார்.

முன்னரும் ஒருமுறை அவருக்கு இப்படியொரு வண்டி அன்பளிப்பாகக் கிடைத்திருக்கின்றது. ஒரு நாள் இரவு, செயினை இடம் மாற்றும் கருவி வளைந்து பின் சக்கரத்துக் கம்பிகளுக்குள் சிக்கிக்கொண்டது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர், கிடங்கை அடைந்தபோது வேறொருவரை நிறுத்தியிருந்தார்கள். அந்த வேலையை மீண்டும் பெற அவர் பலநாள் கெஞ்ச வேண்டியிருந்தது. கொடுத்தவர்களுக்கு அது பழைய பொருள். பெற்றவர்க்கோ அதுவே அன்றைய அப்பம். இவ்வேறுபாட்டை மறந்து கொடுப்பது தருமம் ஆகுமா?

எனவே அந்த வண்டியைக் கியர் நீக்கிய வண்டியாக மாற்றித்தான் கொடுப்பது என்று தீர்மானித்தோம். நம் தெருவில் சைக்கிள் கடை வைத்து ஓய்ந்த முதியவர் ஒருவர் முன்னின்றார். மறைக்கல்வி வகுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பிள்ளைகள் உடனிருந்து கற்றனர். அவர்களுள் ஒருத்தி பத்தாம் வகுப்பு மாணவி. அப்போது கண்டறிந்தவற்றை, நம் குடும்பங்களுக்குப் பயன்படும் வண்ணம் இங்கே முறையாகத் தருகின்றோம்.

முதலில் சோதிக்க வேண்டியவை

வேலையைத் தொடங்குமுன் வண்டி அதற்குத் தகுதியானதா என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் இணைப்புகளை, அதாவது பற்றவைத்த இடங்களை, துணியால் துடைத்து வெளிச்சத்தில் நோக்குக. மயிரிழை போன்ற வெடிப்புத் தெரிந்தால் அவ்வண்டியை விட்டுவிட வேண்டும். அதனைச் சீர் செய்ய முனைவது ஆளுக்கே ஆபத்து. முன் போர்க்கு வளைந்துள்ளதா, ரிம் பிரேக் கட்டை உராய்ந்து உராய்ந்து குழிந்துவிட்டதா என்பதையும் காண்க. சக்கரத்தில் சிறு கோட்டம் இருந்தால் குற்றமில்லை. கம்பிகளை முறுக்கிப் பெண்ட் எடுத்துவிடலாம். சக்கர அச்சையும் கிராங்க் அச்சையும் பிடித்து ஆட்டிப் பார்த்து, தளர்வு இருந்தால் பிரித்து, குண்டுகளை மாற்றி, புதுக் கிரீஸ் இட வேண்டும்.

செயின் தேய்ந்துள்ளதா என்று அறிய எளிய வழி உண்டு. நல்ல செயினில் 24 ஊசிகளின் இடைவெளி சரியாக 12 அங்குலம் இருக்கும். அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அது 12 அங்குலத்திற்கு மேல் அரைக்கால் அங்குலம் நீண்டிருந்தால், செயின் மட்டுமன்றி அதோடு உழைத்த பற்களும் தேய்ந்துவிட்டன என்று கொள்ளலாம்.

கழற்றும் வேலை

முதலில் கைப்பிடியில் உள்ள கியர் மாற்றும் கைகளையும், அவற்றிலிருந்து செல்லும் கம்பிகளையும் எடுக்க வேண்டும். அடுத்து, செயின் கட்டர் கொண்டு ஊசியைத் தள்ளிச் செயினைப் பிரித்து, முன்னும் பின்னும் உள்ள இடம் மாற்றும் கருவிகளைக் கழற்றுக. பிரேக் கம்பிகளை மட்டும் தவறியும் நீக்கலாகாது.

பின் சக்கரத்தில் அடுக்கடுக்காக உள்ள பற்கள், நம் ஊர் மலிவு வண்டிகளில் பெரும்பாலும் ஒரே ஃப்ரீவீலாக ஹப்பின் மரையில் திருகப்பட்டிருக்கும். மிதிக்க மிதிக்க இறுகும் மரை ஆதலின், பல ஆண்டு ஓடிய வண்டியில் அது எளிதில் அசையாது. முதல் நாள் இரவே மரையில் எண்ணெய் விட்டு ஊற வைக்க வேண்டும். மறுநாள் அதற்குரிய கழற்றியைப் பொருத்தி, பட்டறை மேசையில் உள்ள இடுக்கியில் கழற்றியைக் கவ்வ வைத்து, சக்கரம் முழுவதையும் இரு கையாலும் பிடித்து இடப்புறமாகத் திருப்பினால் விட்டுவிடும். சுத்தியலால் அடிப்பதால் ஹப் உடையுமேயன்றி ஃப்ரீவீல் கழலாது. விலையுயர்ந்த வண்டிகளில் பற்கள் தனித்தனியாக உருளைமேல் செருகப்பட்டிருக்கும். அவற்றை எடுத்துவிட்டு, ஒரு பல்லை மட்டும் வைத்து, இருபுறமும் வளையங்களால் இடத்தை நிரப்பி இறுக்கிவிடலாம்.

முன்னே உள்ள மூன்று பல்சக்கரங்கள் திருகாணியால் இணைக்கப்பட்டிருந்தால், வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கலாம். அப்போது குட்டையான திருகாணிகள் தேவைப்படும். பழையவை நீளம் மிகுந்து இறுகா. மூன்றும் ஆணியடித்து ஒன்றாக்கப்பட்டிருந்தால் பிரிக்க இயலாது. அப்படியே விட்டு நடுச் சக்கரத்தைப் பயன்படுத்தலாம். வெளிச் சக்கரத்தின் பற்களை அரத்தால் மழுக்கிவிட்டால், அது வேட்டியும் கால்சட்டையும் செயினில் சிக்காதவாறு காக்கும் தட்டாகிவிடும். காவலரின் வண்டியில் இவ்வாறே செய்தோம்.

இவ்வாறு நீக்கிய பொருள்களை ஒரு சாக்கில் இட்டுத் தூக்கிப் பார்த்த பிள்ளைகள், இவ்வளவு பாரத்தையா இதுவரை சுமந்தது என்று வியந்தனர்.

பற்களின் கணக்கு

எத்தனை பல் வைப்பது? இங்கேதான் பள்ளிக் கணக்கு வாழ்க்கைக்கு உதவுகின்றது. 26 அங்குலச் சக்கரத்தில் ஒன்றரை அங்குல டயர் மாட்டினால், சக்கரம் ஒருமுறை சுழல்கையில் வண்டி ஏறக்குறைய 2 மீட்டர் நகரும். முன் பல்சக்கரத்தின் பற்களைப் பின் பல்சக்கரத்தின் பற்களால் வகுத்து, 2 மீட்டரால் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி செல்லும் தூரம் கிடைக்கும்.

நாம் எடுத்த வண்டியில் முன்னே 42, 34, 24 பற்கள். பின்னே 14 முதல் 28 பற்கள். மிகக் கடினமான 42க்கு 14 என்ற கியரில் ஒரு சுற்றுக்கு 6 மீட்டர். மிக எளிதான 24க்கு 28 என்ற கியரில் 1.7 மீட்டர். முன்னது எதிர்காற்றில் முழங்காலை வருத்தும். பின்னது சமதளத்தில் கால் சுற்றிக்கொண்டே இருக்க வண்டி ஊர்ந்து செல்லும். இரண்டுக்கும் இடைப்பட்ட 34க்கு 16 என்பதைத் தேர்ந்தோம். ஒரு சுற்றுக்கு 4.25 மீட்டர். நிமிடத்திற்கு 60 சுற்று என்று நிதானமாக மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டருக்குச் சற்று மேல் செல்லலாம். அவருடைய ஆறு கிலோமீட்டர்ப் பயணத்திற்கு 25 நிமிடம் போதும். நடந்தால் ஒன்றேகால் மணி ஆகும்.

இளவயதினர் 42க்கு 18 என்று வைத்துக்கொண்டால் 4.67 மீட்டர் கிடைக்கும். பொதுவாக, முன் பல் பின் பல்லைப்போல் இரண்டு மடங்குக்கும் இரண்டரை மடங்குக்கும் இடையே இருப்பது நகரத்திற்கு ஏற்றது. பாரம் ஏற்றுவோரும் வயது முதிர்ந்தோரும் இரண்டை ஒட்டியே நிற்பது நலம்.

நேர்க்கோடும் இறுக்கமும்

ஒற்றைக் கியர் வண்டியின் உயிர்நிலை இரண்டு. செயின் நேர்க்கோட்டில் ஓட வேண்டும். அளவான இறுக்கத்தோடு ஓட வேண்டும். முன் பல்லும் பின் பல்லும் ஒரே கோட்டில் உள்ளனவா என்று நீண்ட அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும். ஒற்றைப் பல் ஃப்ரீவீல் மாட்டும்போது அது கம்பிகளை ஒட்டி உள்ளடங்கி நிற்பது வழக்கம். அப்போது அச்சின் வலப்புறத்து வளையங்களில் சிலவற்றை இடப்புறத்துக்கு மாற்றி, கம்பிகளை முறுக்கி ரிம்மை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். இது தேர்ந்த கைகள் செய்ய வேண்டிய வேலை. அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரரின் உதவியை இங்கே தயங்காது நாடுக.

இறுக்கத்தைப் பொறுத்தவரை, பின் அச்சு அமரும் பிளவு எவ்வாறு உள்ளது என்று பார்க்க வேண்டும். பிளவு படுக்கையாக இருந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து நட்டை முடுக்கினால் போதும். பிளவு செங்குத்தாக இருந்தால் சக்கரத்தை இழுக்க வழியில்லை. செயினைத் தாங்கி இறுக்கும் சிறு உருளை ஒன்றைப் பொருத்த வேண்டும். கழற்றிய பழைய கருவி வளையாமல் இருந்தால், அதன் திருகாணிகளால் ஓரிடத்தில் நிலைநிறுத்தி அதனையே இறுக்கியாகப் பயன்படுத்தலாம். செயினின் நடுவில் விரலால் தூக்கித் தாழ்த்தினால் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழலும். அசைவே இல்லையேல் குண்டுகள் தேயும்.

நகரத்திற்கு ஏற்ற கோலம்

காட்டுப் பாதைக்கென்று முள்முள்ளாய் அமைந்த டயர், தார்ச்சாலையில் இரைச்சலிட்டு ஓட்டுபவரின் வலுவை உறிஞ்சும். மேடுபள்ளமற்ற வழவழப்பான டயரை மாட்டி, பக்கத்தில் குறித்துள்ள அளவுக்குக் காற்று அடித்தால், மாற்றத்தை முதல் நாளே உணரலாம். மட்கார்டு, செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு, மணி ஆகியவை நகரவண்டிக்கு அணிகலன் அல்ல, தேவைகள். இரவில் செல்வோர்க்கு முன் விளக்கும், பின்னே சிவப்பு விளக்கும், ஒளி பிரதிபலிக்கும் வில்லைகளும் கட்டாயம் வேண்டும்.

பிரேக் பற்றி ஓர் எச்சரிக்கை. நகர இளைஞர் சிலரிடையே ஃப்ரீவீலே இல்லாத, பெடல் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும் வண்டியைப் பிரேக்கின்றி ஓட்டும் மோகம் காணப்படுகின்றது. நாம் சொல்வது அதுவன்று. நம் வண்டியில் ஃப்ரீவீல் உண்டு. மிதிக்காதபோது கால் ஓய்ந்திருக்கும். எனவே முன், பின் இரு பிரேக்குகளும் திடமாக இருந்தே தீர வேண்டும். தேய்ந்த கட்டைகளையும் துருவேறிய கம்பிகளையும் புதிதாக மாற்றுவதில் சிக்கனம் பார்க்கலாகாது.

இத்தனைக்கும் ஆன செலவு ஒரு புதிய வண்டியின் விலையில் சிறு பகுதியே. ஃப்ரீவீல், செயின், இரு டயர், டியூப், பிரேக் கட்டைகள், விளக்கு இவ்வளவுதான் வாங்கினோம். அவற்றுள் டயருக்கான பணத்தைத் தாமே தருவதாகக் காவலர் கூறினார். வேண்டாம் என்று சிலர் மறுத்தபோது, “எம் பங்கும் அதுல இருக்கட்டும் அண்ணாச்சி, அப்பதான் அது என் வண்டி” என்றார். அவர் சொல்லில் இருந்த மாண்பை மதித்து ஏற்றுக்கொண்டோம். அந்த வண்டி மழைக்காலம் ஒன்றைக் கடந்துவிட்டது. வாரம் ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய் விடுகின்றார். வேறு தொல்லை இல்லை என்கிறார்.

வீடும் பங்கும் செய்யக் கூடியவை

ஐயாயிரம் பேருக்கு அப்பம் அளித்தபின், எஞ்சிய துண்டுகள் ஒன்றும் வீணாகாதபடி சேர்த்து வைக்குமாறு நம் ஆண்டவர் சீடருக்குக் கட்டளையிட்டதை யோவான் நற்செய்தியில் வாசிக்கின்றோம். அப்பத்தைப் பலுகச் செய்ய வல்லவர் ஏன் துண்டுகளைப் பற்றிக் கவலைகொள்ள வேண்டும்? கொடை பெரிதாயினும் அதில் ஒரு துண்டும் அற்பமன்று என்பதற்காகவே அன்றோ? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், தூக்கியெறியும் பழக்கத்தைக் கண்டித்தார். ஒரு பொருளை எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவது, நல்ல நோக்கத்தோடு செய்யப்படுமானால், நம் மாண்பை வெளிப்படுத்தும் அன்புச் செயலாகலாம் என்றும் கற்பித்தார்.

நோக்கம் என்ற சொல்லை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். வீட்டில் இடத்தை அடைக்கும் பொருளை அகற்றுவதற்காக ஏழைக்குக் கொடுப்பது வேறு. ஏழையின் தேவையை அறிந்து, அதற்கேற்ப அப்பொருளைச் சீராக்கிக் கொடுப்பது வேறு. முன்னதில் நம் வீடு தூய்மையாகும். பின்னதில் உள்ளம் தூய்மையாகும். நம் வின்சென்ட் தே பவுல் சபையினரும், இளைஞர் இயக்கத்தாரும், அன்பியங்களும் ஆண்டில் ஓரிரு வண்டிகளை இவ்வாறு சீராக்கித் தருவது கடினமான காரியமன்று. கொடுக்குமுன் நம்மவரே ஒரு வாரம் அவ்வண்டியை ஓட்டிப் பார்க்கட்டும். நம் பிள்ளையை எந்த வண்டியில் நம்பி அனுப்புவோமோ, அத்தகைய வண்டியே பிறர்க்கும் போகட்டும்.

பெற்றோருக்கு இன்னொரு வேண்டுகோள். நாசரேத்துத் தச்சுக்கூடத்தில் புனித சூசையப்பரின் அருகிருந்தே நம் மீட்பர் கைத்தொழில் கற்றார். நம் பிள்ளைகளோ ஒரு திருகாணியை எப்பக்கம் திருப்புவது என்று அறியாமலே பட்டம் பெறுகின்றனர். விடுமுறையில் தந்தையும் மகனும், தாயும் மகளும் ஒரு பழைய வண்டியைப் பிரித்து அமர்ந்தால், கையில் கறை படியும். ஆனால் பொறுமையும் கணக்கும், உழைப்பவர்பால் மதிப்பும் நெஞ்சில் படியும். தெருமுனையில் வெயிலில் அமர்ந்து பஞ்சர் ஒட்டும் முதியவரின் விரல்களில் எவ்வளவு அறிவு அடங்கியிருக்கின்றது என்பதும் அன்று அவர்களுக்கு விளங்கும். அவரோடு மறைந்துபோகுமுன் அவ்வறிவைக் கற்றுக்கொள்வதும் ஒரு கடமையே.

நம் இல்லங்களில் மட்டுமா, நம் வாழ்விலும் ஏறாத மலைகளுக்கென்று எத்தனையோ பல்சக்கரங்களைச் சேர்த்து வைத்திருக்கின்றோம். அவற்றுள் எது நமக்கு உண்மையில் வேண்டுவது, எது வெறும் பாரம் என்று குடும்பமாக அமர்ந்து எண்ணிப் பார்ப்பது நன்று. அதற்கு முன், இந்த வாரமே மாடிப்படியின் கீழே ஒரு விளக்கோடு சென்று பாருங்கள். அங்கே துருப்பிடித்து நிற்கும் வண்டி, நம் பங்கில் நடந்தே வேலைக்குச் செல்லும் ஒருவருக்காகக் காத்திருக்கலாம்.